ஜன்னலுக்கு ஒரு துப்பாக்கி

1

என் மச்சானைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனதற்கு நான்தான் காரணம் என்று எழுபத்தோராம் ஆண்டில் ஏழு வாரம் நம்பினேன். எதை வைத்து நம்பினேன் தெரியுமா? ஒரு கடதாசி வீட்டை வைத்து. வட இங்கிலாந்தில் ஒரு மழை ஊரில், சமையலறை மேசையில் உட்கார்ந்து நான் வெட்டி ஒட்டிய அட்டைக் கட்டிடம், இலங்கையில் மாத்தளை மாவட்டத்தில் ஒரு மனிதனைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்துவிட்டது என்று நம்பினேன். இப்போது சொன்னால் எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது வந்தது வயிற்றுப்போக்கு.

ஆறு வருஷத்துக்குப் பிறகு இதை எழுதக் காரணம் ஒரு பல் வைத்தியர். எங்கள் ஊர்த் தேவாலய மண்டபத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் வளர்ந்த ஆண்கள் கூடுவார்கள். வாரம் முழுக்க வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் மரியாதையாக வேலை பார்ப்பவர்கள். இங்கே வந்ததும் பெரிய மேசையில் பச்சைத் துணியை விரித்து, அரை விரல் உயர ஈயப் படைவீரர்களை நிறுத்தி, பகடை உருட்டிச் சண்டை போடுவார்கள். அந்த வீரர்கள் ஒளிந்து சுட வீடு வேண்டும். அந்த வீடுகளைக் கடதாசியில் வரைந்து கொடுப்பவன் நான்.

போன சனிக்கிழமை அந்தப் பல் வைத்தியர் ஆறு போட்டார். "பொலிஸ் முடிந்தது" என்றார். என் கட்டிடத்தின் கூரையைக் கழற்றி, உள்ளே இருந்த ஐந்து ஈயப் பொலிஸ்காரர்களையும் இரண்டு விரலால் பொறுக்கி ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டார். அதன் பிறகு என்னைப் பார்த்து, "இது எந்த ஊர்க் கட்டிடம்?" என்று கேட்டார்.

"என் ஊர்ப் பக்கம்."

"அருமை. பிடிக்கச் சுலபமான கட்டிடம்."

கோபம் வந்தால் என் ஆங்கிலம் என்னைத் தனியாக விட்டுவிட்டு ஓடிவிடும். சொல்ல எவ்வளவோ இருந்தும், "அது டிஸ்பென்சரிக்குப் பக்கத்துக் கட்டிடம்" என்பதற்கு மேல் வாயில் ஒன்றும் வரவில்லை. அவர் மிகவும் அக்கறையாக, "டிஸ்பென்சரியும் அதே பெட்டியில் வருமா?" என்று விசாரித்தார்.

தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வீட்டில் என் மகன் குமார், பதினேழு வயது, தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், "விளையாட்டுத்தானே டாடி" என்று ஆங்கிலத்தில் தீர்ப்புச் சொன்னான். மங்களம்தான், என் மனைவி, அடுப்பைத் தணித்துவிட்டு வந்து, "அவங்களுக்கு விளையாட்டு. நீங்க அதை எழுதுங்க. எழுதினாத்தான் உங்க வயிறு ஆறும்" என்றாள். என் கோபம் எங்கே குடியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

2

நான் மாத்தளையில் அரசாங்க நில அளவைப் படங்கள் வரைந்துகொண்டிருந்தவன். வேலையில் இருக்க வேண்டுமானால் சிங்களத்தில் சோதனை பாஸ் பண்ண வேண்டும் என்றார்கள். மாத்தளைக் கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவனுக்குச் சிங்களம் தெரியாதா? சிங்களத்தில் பேரம் பேசுவேன், சண்டை பிடிப்பேன், சமாதானமும் ஆவேன். என் கூட்டாளிகளில் பாதிப் பேரோடு எனக்கு வேறு மொழியே கிடையாது. அதெல்லாம் செல்லாதாம். நிலவரிச் சுற்றறிக்கை ஒன்றை உயர்ந்த சிங்களத்தில் கட்டுரையாக எழுத வேண்டுமாம். இரண்டு முறை எழுதினேன், இரண்டு முறை தோற்றேன். நான் போடுவது கோடு. ஆற்றுக்கு ஒரு கோடு, வேலிக்கு ஒரு கோடு. கோட்டுக்கு என்ன மொழி? கேட்டேன். கேட்டதையும் சிங்களத்திலேயே கேட்டேன். மேலதிகாரி சிரித்துவிட்டு, "நல்லாத்தான் பேசுறீங்க, ஆனா சோதனையில ஃபெயில்" என்றார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் பேனா முனை வளைகிறது.

மங்களத்தையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்தேன். அட்டைப் பெட்டிக் கம்பெனியில் வேலை. விரித்தால் ஒரு தாள், மடித்தால் ஒரு பெட்டி. எங்கே வெட்ட வேண்டும், எங்கே மடிக்க வேண்டும் என்று கோடு போடுவது என் பொறுப்பு. இங்கே யாரும் கோட்டுக்கு மொழி கேட்கவில்லை. அதை நன்றியோடு சொல்லித்தான் ஆக வேண்டும்.

என் மேலாளர் ஹரல்ட், நல்ல மனிதர், சனிக்கிழமைப் போர்க்காரர்களில் ஒருவர். ஒருநாள் மத்தியானம் ஒரு ஈயச் சிப்பாயை என் மேசையில் நிறுத்தி, "இவனுக்கு ஒரு வீடு கட்ட முடியுமா?" என்றார். பிஸ்கட்டுக்கு வீடு கட்டுபவன் சிப்பாய்க்குக் கட்ட மாட்டேனா? நான்கு சுவரையும் ஒரே நீளத் துண்டாக வரைய வேண்டும். மூலைகளில் மொட்டைக் கத்தியால் கீறினால்தான் மடிப்பு நேராக விழும். ஓரத்தில் பசை பூச நாக்குகள் விட வேண்டும். கதவை நிஜ அளவுக்குப் போட்டால் சிப்பாய் தகரத் தட்டில் நிற்பதால் அவன் தலை நிலையில் இடிக்கும். அதனால் கொஞ்சம் பொய் சொல்ல வேண்டும். கூரையை ஒட்டவே கூடாது. அதைத் தூக்கி உள்ளே ஆள் வைப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஜன்னல். அவர்கள் சட்டப்படி ஜன்னலுக்கு ஒரு துப்பாக்கி. மூன்று ஜன்னல் உள்ள வீட்டிலிருந்து மூன்று பேர்தான் சுடலாம். ஒரு ஜன்னலை நான் கூட்டி வரைந்தால் ஒரு சண்டையின் முடிவே மாறும். உலகத்தில் என் கோட்டுக்கு இவ்வளவு அதிகாரம் வேறெங்கும் இருந்ததில்லை. தலைக்கேறிவிட்டது.

பிரெஞ்சுப் பண்ணை வீடு, ஜெர்மன் மணிக்கூண்டு எல்லாம் வரைந்து முடித்த பிறகு ஹரல்ட் "வெப்ப நாட்டுத் தொடர்" ஒன்று கேட்டார். சும்மா ஒரு ஓட்டுக் கட்டிடம் போட்டுப் பக்கத்தில் இரண்டு பனை மரம் நட்டால் போதும் என்றார்.

"எங்கள் பக்கம் பனை எங்கே இருக்கிறது? பாக்கு மரம் வைக்கிறேன். பலா வைக்கிறேன்."

"யாருக்குத் தெரியப் போகிறது?"

எனக்குத் தெரியுமே! அந்த ரோஷத்தில்தான் எல்லாக் கேடும் ஆரம்பித்தது. வரைந்தால் நிஜமான ஒன்றை, அளவு பிசகாமல் வரைவது என்று முடிவு செய்தேன். லக்கல போகும் பாதையில் ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம். அங்கே அரசாங்க டிஸ்பென்சரி. அதை ஒட்டினாற்போல் ஒரு குட்டிப் பொலிஸ் நிலையம். அந்த டிஸ்பென்சரியில் மருந்து கலந்து கொடுப்பவன் என் மச்சான் நடராஜா, மங்களத்தின் ஒரே தம்பி.

3

நடராஜாவை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அளக்காமல் எதையும் செய்யமாட்டான். கஞ்சிக்கு உப்பைக்கூட மருந்துத் தராசில் நிறுத்துப் போடுகிற ஜாதி. ஒரு காரியம் கேட்டால் கேட்ட அன்றே, கேட்டதற்கு மேலேயும் செய்வான். பங்குனிக் கடைசியில் அவனுக்கு ஒரு நீல ஏரோகிராம் எழுதினேன். சுகம் விசாரிப்பு இரண்டு வரி. மிச்சம் முழுக்க இது:

பொலிஸ் நிலையத்துக்கு ரோட்டுப் பக்கம் எத்தனை ஜன்னல்? எந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் வளைவு தெரியும்? பின் சுவர் ஒரு ஆள் ஏறிக் குதிக்கக்கூடிய உயரமா? காவல்காரன் எங்கே நிற்பான்? ரோட்டிலிருந்து படி வரை எத்தனை எட்டு, நடந்து பார்த்து எழுதவும். துப்பாக்கி அலுமாரி எந்த அறையில்? பின்னால் கதவு இருக்கிறதா? ஒரு படமும் போட்டு அனுப்பினால் நல்லது. அவசரம்.

விளையாட்டு என்றோ, கடதாசி என்றோ ஒரு சொல் எழுதவில்லை. எழுத இடம் இருக்கவில்லை. ஏரோகிராமின் மடிப்பு வரைக்கும் கேள்விகள்.

தபாலில் போட்டேன். பத்து நாள் கழிந்து வானொலியில் செய்தி. அரசாங்கத்தைக் கவிழ்க்க நாடெங்கும் சிங்கள இளைஞர்கள் கிளம்பிப் பொலிஸ் நிலையங்களைத் தாக்குகிறார்கள். ஊரடங்கு. அவசரகாலச் சட்டம். கடிதங்களைப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று பேச்சு.

நான் அப்போது சவரம் செய்துகொண்டிருந்தேன். பாதிக் கன்னத்தோடு கம்பெனிக்குப் போய்விட்டேன். மற்றக் கன்னம் சவரமாகவில்லை என்பது அங்கே ஹரல்ட் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

4

பயம் வந்த மனிதன் செய்கிற புத்திசாலித்தனங்களை வரிசையாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

முதலில் தடயத்தை அழிப்பது என்று தீர்மானித்து, வரைபடப் பிரதிகளையெல்லாம் பின் தோட்டத்தில் குவித்துக் கொளுத்தினேன். பக்கத்து வீட்டுக்காரி காயப்போட்டிருந்த வெள்ளைத் துணியில் முழுக்கக் கரி. "உங்கள் நாட்டுச் சடங்கா?" என்று வேலிக்கு மேலால் கேட்டாள். ஆமாம் என்றேன். எந்தத் தெய்வத்துக்கு என்று கேட்டாள். பொலிஸ் தெய்வத்துக்கு என்று வாய் வரை வந்தது. பதில் வருமுன் ஞாபகத்திலிருந்து, ஜன்னல் வெட்டாமல் ஒட்டிவைத்த அட்டைப் பொலிஸ் நிலையத்தை மட்டும் எரிக்க மனம் வரவில்லை, நல்ல வேலை. அதை அரிசி டின்னுக்குள் புதைத்தேன். அன்று மத்தியானமே மங்களம் சோற்றுக்கு அரிசி அள்ளும்போது ஓட்டுக் கூரை கையில் வந்தது.

"ஏங்க, இது என்ன?"

"பொலிஸ்."

"அரிசிக்குள்ள எதுக்கு?"

"சும்மா, ஈரம் படாம."

"நீங்க சும்மா எதையும் செய்றவர் இல்ல. இது தம்பி ஊர்ப் பொலிஸ்தானே? தம்பிக்கு என்ன எழுதுனீங்க?"

இருபது வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்களிடம் பொய் சொல்வது வீண் வேலை. ஒவ்வொரு கேள்வியாகச் சொன்னேன். அரிசி அளக்கும் சுண்டு கையில் இருக்க அசையாமல் கேட்டாள். பின் சுவர் வந்ததும் சுண்டை மேசையில் வைத்தாள்.

"ஏறிக் குதிக்கிற உயரமான்னு கேட்டீங்களா? என் தம்பிகிட்டயா? கேக்க உங்களுக்கு வேற தம்பி கிடைக்கலியா?"

"எனக்குத் தம்பியே இல்லையே மங்களம்."

"இருந்திருந்தா அவனும் இந்நேரம் உள்ளதான்."

பிறகு அழுதாள். அவன் எப்படிப்பட்டவன் என்று இரண்டு பேருக்கும் தெரியும். கடிதம் கிடைத்திருந்தால் கையில் கொப்பியோடு ரோட்டிலிருந்து படி வரை எட்டு எண்ணி நடந்திருப்பான். சந்தேகம் வந்தால் திரும்பிப் போய் மறுபடியும் நடந்திருப்பான். பொலிஸைத் தாக்குகிற நாட்களில், பொலிஸ் வாசலில், ஒரு தமிழன், எண்ணிக்கொண்டு!

அடுத்த புத்திசாலித்தனம் தந்தி. தபாலகத்தில் படிவத்தை வாங்கி, "அளக்காதே. கடிதத்தை எரி" என்று எழுதிக் கொடுத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அதை ஊருக்கே கேட்கும்படி வாசித்துவிட்டு, "சரிதானே?" என்றாள். எனக்குப் பின்னால் வரிசையில் எட்டுப் பேர். இதற்கும் குற்ற ஒப்புதல் வாக்குமூலத்துக்கும் என்ன வித்தியாசம் என்று அப்போதுதான் உறைத்தது. பிடுங்கிக் கிழித்துவிட்டு "எல்லாரும் சுகமா" என்று எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை.

குமாருக்கு அப்போது பதினொரு வயது. "நீங்கள் உளவாளியா டாடி?" என்று கண் மினுங்கக் கேட்டான். என்மேல் அவனுக்கு மரியாதை வந்தது அந்த ஒரு வாரம்தான். மாமாவைப் பிடித்திருப்பார்களோ என்று தாய் அழுவதைப் பார்த்துவிட்டு, "எந்த மாமா?" என்றான். அதற்குத்தான் எனக்கு உண்மையாகக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் இன்னும் தெரியவில்லை. இங்கே கூட்டிக்கொண்டு வந்தவன் நான்.

ஹரல்டிடம் விஷயத்தைச் சொல்லி, அந்தக் கட்டிடத்தை அச்சடிக்க வேண்டாம் என்று கெஞ்சினேன். முன்பே அவரிடம் ஒரு பிரதி கொடுத்திருந்தேன். கவனமாகக் கேட்டார், தலையாட்டினார், தோளைத் தட்டினார். கடைசியில், "அந்த நிலையத்தை நிஜமாகவே பிடித்தார்களா? உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள்?" என்று கேட்டார். விளையாட்டு விதிக்குத் தேவையாம். தவிர, தாள் ஏற்கெனவே அச்சுக்குப் போய்விட்டதாம். ஜன்னலைக் குத்துமதிப்பாக நான்கு என்று போட்டுக்கொண்டாராம்.

நல்ல மனிதர் என்று மேலே எழுதினேன். அந்தச் சொல்லை அடிக்கவில்லை, அதனால் அப்படியே இருக்கட்டும்.

5

மூன்றாவது வாரம் மங்களம் என்னை ரயிலேற்றினாள். லண்டனில் நம் நாட்டவர் காரியங்களைக் கவனிக்கிற ஒரு அலுவலகம் இருப்பதாக யாரோ சொன்னார்கள். உள்ளே ஒரு கதிரை, ஒரு மேசை லாச்சி, லாச்சிக்குப் பின்னால் ஒரு ஆள். நம்மூர்க்காரர், சிங்களவர். மூன்று படிவம் தந்தார்.

"காணாமப் போனவர் உங்களுக்கு என்ன முறை?"

"மச்சான். மனைவியோட தம்பி."

"அப்ப நெருங்கிய உறவு இல்ல." ஒரு படிவத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

என் மகளுக்குக் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொண்டு அவளைவிட அதிகமாக அழுதவன் நெருங்கிய உறவில்லையாம்! நாங்கள் கப்பலேறும்போது மூன்று மாதத்துக்கு வேண்டிய மருந்தை, யாருக்கு எது, எத்தனை சொட்டு என்று சீட்டு ஒட்டிக் கட்டிக் கொடுத்தவன் நெருங்கிய உறவில்லையாம்! இதை எல்லாம் நின்ற நிலையில், மாத்தளைச் சந்தைச் சிங்களத்தில், மூச்சு விடாமல் சொன்னேன். சோதனையில் இரண்டு முறை தோற்ற அதே சிங்களம். அந்த மனிதர் கொஞ்சம் அசந்துவிட்டார். எடுத்த படிவத்தைத் திரும்பக் கொடுத்தார்.

"சரி. அவருக்கு ஏதோ ஆச்சுன்னு நெனைக்க என்ன காரணம்?"

இங்கே என் வீரம் நின்றது. காரணத்தைச் சொன்னால் நானே அவனைக் காட்டிக்கொடுத்தவன் ஆவேன். சொல்லாவிட்டால் படிவம் நிரம்பாது. அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"கனவு கண்டேன்" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, கடவுள் சாட்சியாக, காரணம் என்ற கட்டத்தில் "கனவு" என்று எழுதி, முத்திரை குத்தி, லாச்சிக்குள் போட்டு மூடினார். இரண்டு மாதத்தில் பதில் வரும் என்றார். ஆறு வருஷமாக அந்தக் கனவு அந்த லாச்சிக்குள் கிடக்கிறது.

திரும்பும் ரயிலில் எல்லார்மேலும் கோபம். உயர்ந்த சிங்களம் எழுதப் பழகியவர்களுக்கு மட்டும் வேலை கொடுத்த நாட்டின்மேல், கொல்வதை விளையாட்டாக்கிய நாட்டின்மேல், உறவை அளக்கப் படிவம் வைத்திருக்கிற அந்த ஆளின்மேல். இரண்டு மணி நேரம் இப்படிப் போனது. எங்கள் ஸ்டேஷன் நெருங்கியபோது கோபப்பட ஆள் தீர்ந்துவிட்டது. மிச்சம் இருந்தது, ஜன்னல் எத்தனை என்று கேட்ட ஒருவன்தான்.

மங்களம் அந்த வாரங்களில் என்னோடு பேசினாள், சமைத்தாள், சட்டை அயர்ன் பண்ணினாள். நான் பேப்பரில் கோடு போடுகிறபோது மட்டும் அறையை விட்டு எழுந்து போனாள்.

6

வைகாசிக் கடைசியில் நடராஜாவின் கடிதம் வந்தது. அக்காவுக்கு எழுதியிருந்தான். மங்களம் நின்றபடியே வாசித்தாள். வாசித்துவிட்டு என்னிடம் நீட்டி, "உங்க கடுதாசியால இல்லையாம்" என்று மட்டும் சொன்னாள்.

நடந்தது இவ்வளவுதான்.

என் ஏரோகிராம் மாத்தளையைத் தாண்டவே இல்லை. லக்கல பக்கம் பஸ் ஓடாததால் தபால் பை வாரக்கணக்கில் அங்கேயே கிடந்திருக்கிறது. யாரும் அதைப் பிரிக்கவில்லை. எல்லாம் ஓய்ந்த பிறகு, ஒட்டியது ஒட்டியபடி நடராஜாவுக்குக் கிடைத்தது. வாசித்துவிட்டு ஒன்றும் விளங்காமல், அத்தானுக்கு உடம்பு எப்படி என்று அக்காவிடம் கேட்டிருந்தான்.

அந்தக் குட்டிப் பொலிஸ் நிலையத்தை யாரும் தாக்கவில்லை. முதல் நாளே ஐந்து பொலிஸ்காரர்களும் பூட்டிவிட்டுப் பெரிய ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்கள். திரும்பி வந்தபோது பூட்டு அப்படியே இருந்தது.

டிஸ்பென்சரியை மட்டும் நடராஜா பூட்டவில்லை. ஒருநாள் காலை தொடையில் துப்பாக்கிச் சூடு பட்ட ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நடராஜா காயத்தைக் கழுவி, மருந்து வைத்து, கட்டுப் போட்டான். பதிவுப் புத்தகத்தில் வழக்கம்போல, எவ்வளவு மருந்து, எத்தனை முழம் துணி என்று எழுதியும் வைத்தான். திரும்பி வந்த பொலிஸ் அந்தப் புத்தகத்தைப் பார்த்தது. யார் அவன் என்று கேட்டார்கள். "பேர் கேக்கலங்க, எங்க வலிக்குதுன்னுதான் கேட்டேன்" என்றிருக்கிறான்.

கட்டுப் போட்டதற்காக அவனை இருபத்திரண்டு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். வெளியே வந்தபோது இடது காதில் கேட்கவில்லை. இப்போதும் கேட்பதில்லை.